ஆயிரம் நாற்காலி

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் என் வேட்டி அவிழ்ந்தது. தானாக அவிழவில்லை. ஓடுகிற பட்டை ஒன்றின் மேல் ஏறி நடக்கச் சொன்னார்கள். நடப்பதென்ன பெரிய வித்தையா என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். வேகம் கூடியதும் மடிப்பு இறங்கி, நுனி பட்டைக்கு அடியில் போய், எருமை வைக்கோலைச் சவைப்பது போல மெஷின் அதைச் சவைத்து இழுத்தது. வேட்டியா நானா என்று வந்தபோது வேட்டியை விட்டுவிட்டேன்.

மெஷினை நிறுத்திய நர்ஸ், சுவரில் இருந்த காலண்டரை ரொம்ப அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார். நான் கோடு போட்ட பட்டாபட்டி டிரவுசரில், பாக்கெட் புடைக்க, ஹாலின் நடுவில் நின்றேன்.

"அப்பா, பீரோ சாவியும் அதுலதான் இருக்குதுங்ளா?" என்றாள் தாரணி.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. சிரிக்கும்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாயிற்று. இன்னொரு வேட்டி இருந்திருந்தால் அதையும் மெஷினுக்குக் கொடுத்திருப்பேன்.

விஷயத்தை இன்றே எழுதிவிடுகிறேன். நாளைக்குத் தைரியம் இருக்குமோ என்னவோ. என் மகள் தாரணிக்குப் பதினாறு வயது. ஈரல் கெட்டுவிட்டது. சாப்பாட்டில் வருகிற செம்புச் சத்து வெளியே போகாமல் ஈரலிலேயே தங்கிவிடுகிற நோய். தெரிந்த அன்றைக்கே வீட்டில் குடிதண்ணீர் வைக்கிற செம்புக் குடத்தையும், கடையில் வாடகைக்கு விடுகிற செம்பு அண்டாக்களையும் மூட்டை கட்டிப் பரணில் ஏற்றினேன். டாக்டரம்மா, "அதனால வந்ததில்லைங்க. அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் சேர்ந்து வந்தது" என்றார். அண்டாவாக இருந்திருந்தால் தேவலை.

மாத்திரைக்கு அடங்குகிற கட்டம் தாண்டிவிட்டது. வேறொருவர் ஈரலில் பாதியை அறுத்து அவளுக்கு வைக்க வேண்டும். என் மனைவி தெய்வானைக்கு ரத்த வகை சேரவில்லை. மச்சான் கந்தவேலுக்குச் சேர்ந்தது, ஆனால் அவன் ஈரலிலேயே பழைய காமாலை குடியிருக்கிறது. மிச்சம் நான். எனக்கு எல்லாம் பொருந்துகிறது. ஒன்றே ஒன்றுதான் இடிக்கிறது: ஈரலில் கொழுப்பு. எனக்குக் கொழுப்பு வாயில்தான் என்று தெய்வானை இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் கொடுத்திருக்கிறார்கள். தூக்குகிற பயிற்சி, மூச்சு வாங்குகிற பயிற்சி, என்ன சாப்பிடலாம், என்ன கூடாது, எல்லாம் போட்டு ஓர் அட்டவணை. வீட்டிலேயே செய்ய வேண்டும். செப்டம்பர் 19 ஸ்கேன். கொழுப்பு இறங்கியிருந்தால் ஆபரேஷன்.

"இறங்கலீன்னாங்க?" என்று கேட்டேன்.

"இறந்தவங்க ஈரலுக்குப் பதிவு பண்ணி வெச்சிருக்கோம். காத்திருக்கலாம்" என்றவர், தாரணி எழுந்து வெளியே போகிறவரை பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "ஆனா அவளால அவ்வளவு நாள் காத்திருக்க முடியும்னு நான் நினைக்கல."

தினமும் என்ன செய்தேன், என்ன தின்றேன் என்று எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். சிமெண்ட் கம்பெனி கொடுத்த டைரி கடையில் காலியாகக் கிடந்தது. எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எங்கள் உடுமலையில் விசேஷம் என்றால் என்னிடம்தான் வருவார்கள். ஷாமியானா, அடுப்பு, அண்டா, கரண்டி, பிளாஸ்டிக் நாற்காலி. பிணம் வைக்க ஓர் ஐஸ் பெட்டியும் உண்டு. கல்யாணத்துக்குப் போகிற அதே நாற்காலிதான் எழவுக்கும் போகும். துடைத்து அனுப்புவோம், அவ்வளவுதான். இதெல்லாம் அடுக்கி வைத்திருக்கிற குடோன் வீட்டுக்குப் பின்புறம். அதுதான் இனி என் ஜிம்.

தாரணி சிவப்பு நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கழுத்தில் விசில். அட்டவணையை இட்லிக் கொப்பரை மேல் ஒட்டிவிட்டாள்.

"உக்காந்து எந்திரிக்கோணும். ஆனா நாற்காலி மேல உக்காரக் கூடாது. பட்டும் படாம."

"பட்டா?"

"மொதல்ல இருந்து."

பட்டது. மொதல்ல இருந்து. அப்புறமும் பட்டது. இரண்டு கையிலும் தண்ணீர் கேன் பிடித்துத் தலைக்கு மேல் தூக்குவது ஒன்று. நின்ற இடத்திலேயே ஓடுவது ஒன்று. கடைசியில், முழங்கையை ஊன்றிப் பலகை மாதிரி குப்புறக் கிடக்க வேண்டும். நான் பலகையாக முயற்சி செய்தேன். என் வயிறு எனக்கு முன்பே தரைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

லோடு ஏற்ற வந்த மாரப்பன் வாசலில் நின்று பார்த்தான். "ஏனுங்ணா, கீழ ஏதாச்சும் தொலைச்சுட்டீங்ளா?"

தாரணி விசிலை ஊதி அவனை வெளியே அனுப்பினாள்.

காலை இரண்டு இட்லி. மதியம் சோறு என்று சொல்லி ஒரு கரண்டி போட்டார்கள். இரவு சுண்டல். இப்போது படியேற முடியவில்லை. கீழேயே படுக்கிறேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

திங்கட்கிழமை நடந்த இன்னொன்றை எழுதாமல் விட்டிருந்தேன். டைரியில் விட்டுவிட்டால் மறந்துபோகும் என்று நினைத்தேன். போகவில்லை.

அன்றைக்கு டாக்டரம்மா தெய்வானையையும் தாரணியையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் தனியாகப் பேசினார். "முழுசா சொல்றது என் கடமைங்க. கொடுக்கறவங்களுக்கும் இதுல ஆபத்து உண்டு. பெரும்பாலும் நல்லபடியா எந்திரிச்சு நடந்து போயிடுவாங்க. வெட்டின ஈரல் திரும்ப வளர்ந்துரும். ஆனா ஆயிரம் பேர்ல ரெண்டு மூணு பேரை நாங்க இழந்திருக்கோம். இங்கன்னு இல்ல, உலகம் பூரா அப்படித்தான்."

நான் தலையாட்டினேன். விலை கேட்டுத் தலையாட்டுகிற மாதிரி.

"இன்னொண்ணு. மனசு ஒப்பலைன்னா எப்ப வேணா எங்கிட்ட சொல்லலாம். ஆபரேஷனுக்கு முந்தின சாயந்திரம் வரைக்கும் சொல்லலாம். உங்க ஈரல் பொருந்தலைன்னு மட்டும் வீட்ல சொல்லுவோம். வேற ஒரு வார்த்தை வராது. உங்க மனைவிக்கும் தெரியாது, பொண்ணுக்கும் தெரியாது. யாரும் உங்களைத் தப்பா நினைக்க மாட்டாங்க."

"பெத்த புள்ளைக்குக் குடுக்கறதுக்கு இதெல்லாம் எதுக்குங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெய்வானை கேட்டாள். பிரஷர் பார்த்தார்கள் என்றேன்.

என் குடோனில் ஆயிரம் நாற்காலி இருக்கிறது. ஒரு பெரிய கல்யாணத்துக்கு மொத்தமும் போனால், இரண்டு மூன்று கால் ஒடிந்துதான் திரும்பி வரும். எது ஒடியும் என்று போகும்போது தெரியாது. எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே அச்சு.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பயிற்சி செய்தேன். நாற்காலிகளை எண்ணவில்லை. சும்மா பார்த்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மச்சான் கந்தவேல் குடும்பத்தோடு வந்தான். கையில் பெரிய தூக்குப்போசி. தாரணி மூடியைத் திறந்தாள். ஆட்டு ஈரல் மிளகு வறுவல், மேலே நல்லெண்ணெய் மிதந்தது.

"ஈரல் குடுக்கப்போறவனுக்கு ஈரல்தான் மருந்து. நாலு நாளைக்கு ஒருக்கா கொண்டாரேன், சாப்புடுங்க மாமா. பாதிய அறுத்துட்டா மீதிக்குத் தெம்பு வேணுமில்ல."

"மாமா, அப்பாவுக்குக் கொழுப்பைக் கொறைக்கச் சொல்லியிருக்காங்க" என்றாள் தாரணி.

"கொழுப்பு வேற, தெம்பு வேற சாமி. டாக்டருக என்னத்தக் கண்டாங்க."

இந்த ஒரு வாரமாக இப்படித்தான். விவரம் தெரிந்த ஒறம்பரை, சொந்தபந்த சனமெல்லாம் என்னைத் தேற்ற வருகிறது. நெய், பேரீச்சம்பழம், முந்திரி, நாட்டுக்கோழி. கடாவைத் தீனி போட்டு வளர்க்கிற மாதிரி. வருகிறவர்கள் எல்லாரும் கிளம்பும்போது என் கையைப் பிடிக்கிறார்கள். சும்மா பிடிப்பதில்லை, கொஞ்ச நேரம் வைத்திருக்கிறார்கள்.

கந்தவேல் கிளம்பும்போது என்னைத் தனியே அழைத்தான். "மாமா, கடைக் கணக்கு வழக்கெல்லாம் அக்காவுக்குத் தெரியுங்ளா? ஒரு பேச்சுக்குக் கேட்டேன்."

"ஒரு பேச்சுக்குத்தானே. தெரியும்" என்றேன்.

தெய்வானை வறுவலை மாரப்பனுக்குக் கொடுத்துவிட்டாள். அவன் ஈரல் இப்போது பலமாக இருக்கும்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. பிள்ளையாருக்கு முன்னால் கொழுக்கட்டை, எனக்கு முன்னால் வெள்ளரிக்காய். அவர் வயிற்றைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

எடை பார்த்தோம். இறங்கியிருக்கிறது. தாரணி விசிலை மூன்று முறை ஊதினாள். தெய்வானை பூஜையைப் பாதியில் விட்டு ஓடிவந்து மெஷினைக் குனிந்து பார்த்தாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. நானும் சிரித்தேன். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

முகூர்த்தம். பழனி ரோட்டு மண்டபத்துக்கு மொத்தச் சாமானும் போனது. சாயந்திரம் ரிசப்ஷனில் மட்டன் பிரியாணி. சாமானை எண்ணி எடுக்கப் போனேன். மண்டபத்துக்காரர் இலை போட்டுவிட்டார். மறுத்தால் மரியாதையாக இருக்காது.

இரண்டாவது தடவையும் அவரேதான் வைத்தார்.

ஆகஸ்ட் 30, சனி

காலில் பிடிப்பு. பயிற்சி இல்லை. பேக்கரியில் ஒரு டீ. டீ மட்டும் என்று எழுத வந்தேன். இரண்டு தேங்காய் பன்னும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலில் பிடிப்பு. நேற்று இடது கால் என்று சொல்லியிருந்தேனாம். இன்று வலது காலை நீவிக்கொண்டிருந்தேனாம். தாரணி சொல்கிறாள். இந்தப் பிள்ளை போலீசுக்குப் போக வேண்டியது.

செப்டம்பர் 1, திங்கள்

எடை பார்த்தோம். ஏறியிருக்கிறது.

"மெஷின் ரிப்பேரு" என்றேன்.

தாரணி அதன் மேல் ஏறி நின்று பார்த்தாள். இறங்கினாள். தண்ணீர் கேனை வைத்துப் பார்த்தாள். "மெஷின் சரியாத்தான் இருக்குதுங்ப்பா" என்றாள். விசிலைக் கழற்றி அட்டவணை ஒட்டியிருந்த கொப்பரைக்குள் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். கொப்பரைக்குள் அது விழுந்த சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

கோபம் ஏன் என்று தெரியவில்லை. வயசுப் பிள்ளைகள் அப்படித்தான்.

செப்டம்பர் 3, புதன்

ஏரிப்பாளையத்தில் ஓர் எழவு. இறந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். நேற்று மாலை வரை மோட்டாருக்குப் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தாராம். ஐஸ் பெட்டியும் நாற்காலியும் கேட்டார்கள். மாரப்பனுக்கு வேறு லோடு, நானே போனேன்.

எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. கல்யாண வீட்டில் சாமான் இறக்கினால், "போயிட்டு வர்றோமுங்க" என்று சொல்லிக் கிளம்புவோம். எழவு வீட்டில் சொல்வதில்லை. "வர்றேன்" என்ற சொல் அங்கே ஆகாது. இறக்கி வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வண்டியை எடுத்துவிட வேண்டும். என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான், எத்தனையோ வீட்டில் அப்படி வந்திருக்கிறேன்.

இன்று வண்டியை எடுக்கும்போது, ஒரு பெண் குழந்தை நான் இறக்கிய நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தது. ஆறோ ஏழோ வயது. அவருடைய மகள் என்றார்கள். யாரும் சொல்லாமலே வேலை செய்துகொண்டிருந்தது. கல்யாணம் என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ.

வழியில் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சர்க்கரை குறைந்திருக்கும் என்று ஒரு மைசூர்பாகு வாங்கிச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

காலை பத்து மணிக்கு மேல், தெய்வானை மாவு மில்லுக்குப் போயிருந்தபோது, டாக்டரம்மா நம்பருக்கு அடித்தேன். நர்ஸ் எடுத்தார்.

"யாருங்க பேசறது?"

"ஐஸ் பெட்டி வேணுமுன்னு கேட்டிருந்தீங்ளா?" என்றேன்.

"இது ஆஸ்பத்திரிங்க" என்றார். ஆஸ்பத்திரிக்கு எதற்கு ஐஸ் பெட்டி என்று யோசித்துப் பார்த்தால் அந்தப் பெண் எவ்வளவு பயந்துபோகும். வைத்துவிட்டேன்.

இரவு சாப்பாட்டில் தெய்வானை எனக்குச் சுண்டல் வைத்தாள். "எதுக்கும் இன்னும் ரெண்டு வாரம் இருக்குதுங்க. நீங்க நெனச்சா முடியும்" என்றாள். அவள் என்னை நம்புகிற மாதிரி நான் யாரையும் நம்பியதில்லை.

செப்டம்பர் 6, சனி

நான் இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் தாரணியே வந்து குடோன் கதவைத் தட்டினாள். கொப்பரைக்குள் குனிந்து விசிலை எடுத்து மாட்டிக்கொண்டாள். சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். சமாதானம் ஆகிவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷம். மறுபேச்சு இல்லாமல் உட்கார்ந்து எழ ஆரம்பித்தேன். அவள் எண்ணினாள்.

ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பன்னிரண்டு.

"பன்னண்டு ஆச்சு கண்ணு" என்றேன்.

"பன்னண்டு."

போன வாரம் தின்றதற்குத் தண்டனை போலிருக்கிறது என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே இன்னொன்று செய்தேன். பன்னிரண்டு. இன்னொன்று. பன்னிரண்டு. "இப்புடியே போனா அப்பன் பன்னண்டுலயே செத்துருவான் சாமி" என்று விளையாட்டுக்குச் சொன்னேன். பன்னிரண்டு என்றாள். எத்தனை செய்தேன் என்று தெரியாது. தொடை எரிந்தது. தண்டனை நியாயம்தான் என்று நிறுத்தாமல் செய்துகொண்டிருந்தேன்.

பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் அடுக்கியிருந்த நாற்காலிகளையும் பார்க்கவில்லை. வாய் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

"தாரணி. நான் யாரு?"

கொஞ்சம் யோசித்தாள். ரொம்ப மரியாதையாக, "வாங்க, உக்காருங்க" என்றாள்.

மாரப்பன் டெம்போவில்தான் கொண்டுவந்தோம். ஷாமியானாத் துணியை மடித்துப் போட்டு, அதன் மேல் தெய்வானை மடியில் படுக்க வைத்து. ஆம்புலன்சுக்குக் காத்திருக்கத் தோன்றவில்லை. பல்லடத்தைத் தாண்டும்வரை எண்ணிக்கொண்டே வந்தாள். அப்புறம் எண்ணவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

ஈரல் வடிகட்டாத விஷம் மூளைக்கு ஏறிவிட்டதாம். இறக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஐந்து மாடி. லிஃப்ட் இருக்கிறது. நான் படியில் ஏறினேன், இறங்கினேன்.

செப்டம்பர் 8, திங்கள்

ஏறினேன், இறங்கினேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மதியம் கண் திறந்தாள். தெய்வானையைப் பார்த்து அம்மா என்றாள். என்னைப் பார்த்து, "ஏனுங்ப்பா இப்புடி வேர்த்திருக்குது?" என்றாள்.

வராந்தாவுக்கு வந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். அங்கே ஒரு காலண்டர் இருந்தது. நன்றாகப் படித்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

அவள் இனி ஆபரேஷன் வரை இங்கேதான். நானும் இங்கேதான். கடையைக் கந்தவேல் பார்த்துக்கொள்கிறான். தூக்குப்போசி வருவது நின்றுவிட்டது.

பயிற்சிக்கு இடம்தான் பிரச்சினை. விடிகாலையில் மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டில் செய்கிறேன். தண்ணீர் கேனுக்குப் பதில் இரண்டு குளுக்கோஸ் பெட்டி. செக்யூரிட்டி வந்து, "பெரியவரே, ஆஸ்பத்திரிச் சாமானை எங்க தூக்கிட்டுப் போறீங்க?" என்று பிடித்துக்கொண்டார். எங்கேயும் தூக்கிக்கொண்டு போகவில்லை, இங்கேயேதான் தூக்குகிறேன் என்று விளக்கினேன். அவருக்குப் புரிய வைக்க நாலு தடவை தூக்கிக் காட்ட வேண்டியிருந்தது. பெரியவரே என்றதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

சாயந்திரம் தாரணி, "அன்னைக்கு நான் தப்பா எண்ணுனனாமா? அம்மா சொன்னாங்க" என்றாள்.

"தப்பெல்லாம் இல்ல. பன்னண்டு வரைக்கும் நல்லாத்தான் எண்ணுனே."

"நீங்க நிறுத்தவே இல்லியாமா."

"நீ விசில் ஊதலையே."

போர்வை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "பிரியாணி நல்லா இருந்துதுங்ளா?"

குளுக்கோஸ் பாட்டிலில் சொட்டுகிறதை எண்ண ஆரம்பித்தேன்.

"சட்டையில வாசம் அடிச்சுதுங்ப்பா. அம்மாகிட்ட சொல்லலை."

செப்டம்பர் 15, திங்கள்

பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். படியில் ஏறும்போதெல்லாம் ஆயிரத்தில் அந்த இரண்டு மூன்று பேர்தான் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களும் இப்படி ஏதாவது ஒரு படியில் ஏறி இறங்கியிருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு தெய்வானை சுண்டல் வேகவைத்திருப்பாள். அவர்கள் பெயர் தெரிந்தால் தேவலை. ஏன் என்று தெரியவில்லை.

பயந்துகொண்டே ஏற முடிகிறது. அது எனக்கு இத்தனை வயது வரை தெரியாது.

செப்டம்பர் 19, வெள்ளி

ஸ்கேன். குழாய் மாதிரியான மெஷினுக்குள் அனுப்பினார்கள். மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று உள்ளே ஒரு குரல். இன்று பேண்ட் போட்டுப் போயிருந்தேன்.

டாக்டரம்மா படத்தை விளக்கில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பத்தாம் வகுப்பில் கணக்குப் பேப்பரை வாத்தியார் இப்படித்தான் பார்த்தார். அதில் பாஸ் ஆனதே பெரிய விஷயம்.

"இறங்கியிருக்கு. எங்களுக்கு இது போதும்" என்றார்.

தெய்வானை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினாள், தாரணியிடம் சொல்ல. கதவு சாத்திக்கொண்டது. டாக்டரம்மா அசையாமல் என்னையே பார்த்தார்.

"இப்பவும் சொல்லலாம். நான் அன்னைக்குச் சொன்னது அப்படியேதான் இருக்கு. ஸ்கேன் நல்லா இருக்குன்னு இப்ப சொல்லிட்டோமேன்னு யோசிக்காதீங்க. இன்னும் நாலு டெஸ்ட் பாக்கி இருக்கு. அதுல ஒண்ணு பொருந்தலைன்னு சொல்லிக்கலாம்."

மேஜை மேல் கண்ணாடிக்கு அடியில் யாரோ வரைந்த ஒரு பூப்படம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே தெய்வானை அழுவதும் சிரிப்பதுமாக ஏதோ சொல்வது கேட்டது. பதிலுக்குத் தாரணி விசில் ஊதினாள். அதை எப்போது எடுத்துவந்தாள் என்று தெரியவில்லை. நர்ஸ் யாரோ அதட்டுவதும் கேட்டது.

"டாக்டரம்மா, உள்ள போறப்ப பட்டாபட்டி போட்டுக்கலாங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "நீங்க பதில் சொல்லல."

"சம்மதமுங்க" என்றேன். குரல் என்னுடையது மாதிரி இல்லை. ஆனால் வந்தது என் வாயிலிருந்துதான்.

செப்டம்பர் 22, திங்கள்

சாயந்திரம் டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தார். என் கட்டில் அருகே நின்று, "ஏதாவது கேக்கணுமா?" என்றார். எதைக் கேட்கிறார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும். ஒன்றுமில்லைங்க என்றேன். தோளில் தட்டிவிட்டுப் போனார்.

கந்தவேல் போன் செய்தான். குறிச்சிக்கோட்டையில் கல்யாணமாம், ஆயிரம் நாற்காலியும் கேட்கிறார்களாம், அனுப்பட்டுமா என்றான். எல்லாவற்றையும் அனுப்பு என்றேன். திரும்பி வந்ததும் எண்ணி எனக்குச் சொல்லு என்றேன். பிறகு, எண்ண வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

விடிந்துவிட்டது. முதலில் என்னைக் கூட்டிப்போவார்கள், பிறகு அவளை. பச்சைத் துணி மாட்டிவிட்டார்கள். முதுகுப் பக்கம் முடிச்சு. வேட்டிக்குப் பழகியவனுக்கு இதில் ஒன்றும் கூச்சமில்லை. பட்டாபட்டியை மட்டும் கழற்றி ஒரு கவரில் போட்டு, என் பெயரை எழுதி, தெய்வானையிடம் கொடுத்தார்கள். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

சொன்னேன். இன்னொரு தடவை சொல்லுங்க என்றாள். சொன்னேன். அவள் காதுக்குக் கேட்கிற தூரம் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன்.

தாரணி கட்டிலில் போய் உட்கார்ந்தேன். கண் மஞ்சளாக, முகம் சின்னதாகிப் போயிருந்தது. தலைக்கு ஒரு தொப்பி மாட்டியிருந்தார்கள்.

"அப்பா, ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது."

"சொல்லு."

"அம்மாளுக்குச் சேந்திருந்தா நீங்க தப்பிச்சிருப்பீங்க. மாமன் ஈரல் நல்லா இருந்திருந்தாலும் தப்பிச்சிருப்பீங்க. உங்களுக்கு மட்டும் வேற வழியே இல்லாமப் போயிருச்சுங்ளே." மூக்கை உறிஞ்சினாள். "பிரியாணி சாப்பிட்டீங்கன்னு தெரிஞ்சப்பகூட எனக்கு உங்க மேல கோவமில்லீங்ப்பா. பாவம், மாட்டிக்கிட்டாருன்னுதான் நெனச்சேன். என்னால மாட்டிக்கிட்டாருன்னு. அதுதான் விசிலைப் போட்டுட்டுப் போனது."

"ஆமா, மாட்டித்தான் போச்சு" என்றேன். "பட்டாபட்டியக்கூட புடுங்கிக் கவர்ல போட்டுட்டாங்க. இனி எங்க ஓடறது?"

சிரித்தாள். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவள் கண்ணில் அந்த ‘என்னால மாட்டிக்கிட்டாரு’ மட்டும் அப்படியே இருந்தது. சிரித்த பிறகும் போகவில்லை. அதைப் போக்க என்னிடம் ஒரு வார்த்தை இருந்தது. அதைச் சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டும்: மாவு மில் காலையை, ஐஸ் பெட்டியை, தேங்காய் பன்னை. என் கட்டிலுக்குத் திரும்பி வந்து டைரியை எடுத்தேன்.

ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம் வராந்தாவில் கேட்கிறது. அவளிடம் சொல்லாததை எழுதிவிட்டு மூடுகிறேன்.

வழி இருந்துது, கண்ணு. வாசல் வரைக்கும் போனேன். திரும்பி வந்துட்டேன்.